வெயில்ல போட்ட புதினா

"யாருடா அது... என் புதினாவைத் தூக்கி வெயில்ல போட்டது?"

வேங்கிக்கால் தெருவே திரும்பிப் பார்த்தது. மொட்டைமாடியில் தேவிப்ரியா பத்ரகாளியாய் நின்றாள். காலையில் தண்ணி டேங்க் நிழலில் பச்சைப்பசேலென்று பரப்பிய இலை, சாயங்காலம் கறுத்துக் கிடந்தால் கோபம் வராதா பின்னே?

"நான்தாங்க..." மாடி ரூமுக்குப் புதிதாகக் குடிவந்த நவீன் எட்டிப் பார்த்தான். "நிழல்ல கிடந்துச்சு. சீக்கிரம் காயட்டுமேன்னு..."

"நிழல்லதாங்க காயணும்! வெயில் பட்டா நிறமும் போச்சு, வாசனையும் போச்சு. நெல்லுன்னு நெனச்சீங்களா?"

அவன் விழித்தான். அடடா... என்ன கண்ணு இது! திட்ட வந்ததில் பாதி அவளுக்கு மறந்தே போனது. மீதியைத் திட்டித் தீர்த்தாள்.

தீர்க்காமல்? வீட்டுத் தோட்டத்துப் புதினா டீக்கு ரமணாசிரமம் பக்கம் ஒரு கஃபேயில் இப்போதுதான் முதல் ஆர்டர். "இது சொதப்பினா, கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லணும்" என்று அப்பா முருகவேல் கறாராகச் சொல்லியிருந்தார். இவளும் வீம்புக்குத் தலையாட்டித் தொலைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் நவீன் பைக்கில் ஒரு மூட்டை புதினா வந்து இறங்கியது.

"எங்கம்மா தோட்டத்துதுங்க. மருந்து அடிக்காதது."

"சரி சரி... கையைக் கழுவிட்டு வாங்க. காம்பு கிள்ளணும்."

கிள்ளி முடிப்பதற்குள் மழை! தட்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு அவன் ரூமுக்குள் ஓடினார்கள். ஃபேன் சுற்றியது. கட்டிலே புதினாவுக்குப் போய்விட்டது. சாரலில் நனைந்த முகத்தோடு அவன் கதவோரம் நின்றான்.

"ரூம் எனக்கா, புதினாவுக்காங்க?"

"ஓசியில வாசனை பிடிக்கறீங்கல்ல... பேசாம இருங்க!"

சொல்லிவிட்டாளே தவிர, கண் புதினாவை விட்டு அவன் பக்கமே போனது. பிடிச்சுப்போச்சு... அவ்வளவுதான்.

ஒரு வாரம் காய்ந்த இலை கையில் நொறுங்கியது, பச்சை மட்டும் மாறவேயில்லை. கஃபேக்காரர் மோந்து பார்த்துவிட்டு அடுத்த ஆர்டரும் சொல்லிவிட்டார். துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், அப்பா ஹாலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்.

"புடவை கட்டிக்கோ. கீழ்பென்னாத்தூர்க்காரங்க சாயங்காலம் வராங்க."

"ஆர்டர்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சேப்பா!"

"மாடியில நீ சிரிக்கறது எனக்குக் கேக்காதா? அந்த மாடிப் பையன் வீட்ல ஜைனருங்க. கறி என்ன, பச்சை இஞ்சிகூடத் தொடமாட்டாங்க. நம்ம வீட்ல கறிக்குழம்பு இல்லாத ஞாயித்துக்கிழமை உண்டா?"

"அவரு சாப்பிடறதை அவரு சாப்பிடட்டும். நான் சாப்பிடறதை நான் சாப்பிடறேன்!"

விறுவிறுவென்று மாடியேறினாள். பின்னாடியே அப்பா. கதவு திறந்தது.

"நவீன், எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கட்டிக்கணும்னு இருக்கு. உங்களுக்கு?"

அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தான்.

"எனக்கும்தாங்க... ரொம்ப. எங்கம்மாகிட்ட போன வாரமே சொல்லிட்டேன். உங்ககிட்டதான் தைரியம் வரலை."

 கண்ணைத் தாழ்த்தவில்லை.

தேவிப்ரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள்.

"கேட்டீங்களாப்பா? அவங்களை வரவேணாம்னு நீங்க ஃபோன் பண்றீங்களா... நான் பண்ணட்டுமா?"