நத்தை பார்த்த மஞ்சள் கிளி

கிளி பச்சை. படம் வரைந்தவருக்குத் தெரியும், படித்தவர்களுக்குத் தெரியும், புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கும் வாண்டுவுக்குக்கூடத் தெரியும். ஆனால் நத்தை மட்டும், "அந்த மஞ்சள் கிளி ரொம்ப அழகு" என்று எழுதியிருந்தது.

மரங்கொத்தி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். எழுந்து போய் அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். பச்சைதான்.

"அம்மா, இதுல ஏதோ இருக்கு" என்றாள்.

"எதுல?" அம்மா மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவர். அப்போதுதான் வீட்டுக்குள் வந்து பையைக் கீழே வைத்திருந்தார்.

"நத்தைகிட்ட."

"நேத்து தபால்காரர்கிட்ட ஏதோ இருக்குன்னே. அதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டுப் பூனைகிட்ட ஏதோ இருக்குன்னே."

"பூனை விஷயத்துல நான் சொன்னது சரியாத்தானே போச்சு!"

அது உண்மைதான். அந்தப் பூனை இவர்கள் வீட்டு அழுக்குத் துணிக் கூடையில் மூன்று குட்டிகள் போட்டிருந்தது.

மரங்கொத்தி என்பது அவளுடைய உண்மையான பெயர் இல்லை. நூலகத்தில் சிறுவர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, 'புத்தகக் கூடு' என்று இணையத்தில் ஒரு குழு நடத்தினார். பல ஊர்ப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள். படித்த புத்தகத்தைப் பற்றி எழுதுவார்கள், சண்டை போடுவார்கள், சமாதானம் ஆவார்கள். கூட்டில் யாரும் சொந்தப் பெயரைச் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஒரு பறவையோ விலங்கோ பெயராக வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் கொத்திக் கொத்திக் கேள்வி கேட்பவளுக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்? கொஞ்ச நாளில் வீட்டிலும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

கூட்டுக்குச் சில விதிகள் உண்டு. பிள்ளைகளே உட்கார்ந்து போட்ட விதிகள். முழுதாகப் படித்த புத்தகத்தைப் பற்றி மட்டும்தான் எழுத வேண்டும். புத்தக அட்டையைப் படம் எடுத்துப் போட வேண்டும். விதியை மீறி ஏமாற்றுகிற ஆளை எல்லோரும் ஓட்டுப் போட்டுக் கூட்டை விட்டு அனுப்பலாம்.

நத்தை ஒரு தடவைகூட அட்டைப் படம் போட்டதில்லை. கேட்டால், "அட்டை இல்லை" என்று ஒரே பதில். எல்லாப் புத்தகத்துக்குமா அட்டை இல்லாமல் போகும்?

இன்னொன்றும் இருந்தது. புதுப் புத்தகம் கடைக்கு வந்ததும் முதல் ஆளாக எழுதுவது நத்தைதான். நத்தை என்று பெயர் வைத்துக்கொண்டு இந்த ஓட்டம் ஓடுவது எப்படி?

சந்தேகம் வந்துவிட்டால் மரங்கொத்திக்குச் சாப்பாடு இறங்காது. அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு, அம்மாவின் கைபேசியில் நத்தை எழுதியதை மறுபடி பார்த்தாள்.

'பூட்டுக்கடைக் கிளி' என்ற, பதினாறே பக்கம் உள்ள மெல்லிய படப் புத்தகம் அது. "கிளி கூண்டுக்குள்ள இருக்கு. பூட்டுக்காரர் சின்னச் சாவியைத் தொலைச்சிட்டு அழுறார். ஒரு சாவிக்கா இவ்வளவு அழுகை? கடைசியில கிளி அவர் தோள்ல உட்கார்ந்திருக்கு. அது எப்படி வெளியே வந்ததுன்னு நாமளே யோசிச்சுக்கலாம். அவரே கூண்டைத் திறந்து விட்டிருப்பார்னு நான் நினைக்கிறேன்" என்று நத்தை எழுதியிருந்தது.

அதற்குக் கீழே கழுகு ஒரே கத்தலாகக் கத்தியிருந்தான். "நாமளே யோசிக்கணுமா? ஏழாம் பக்கம் பூரா அதுதானே இருக்கு! கிளிதான் சாவியை இறக்கைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்துச்சு! அதுவே பூட்டைத் திறந்துட்டுப் பறந்து போகுது! நீ புத்தகத்தையே பார்க்கல!"

நத்தை பதில் எழுதவில்லை.

"அம்மா, நத்தை ஒரு பெரிய ஆளா இருந்தா? சின்னப் பிள்ளை மாதிரி நடிக்கிற ஆளா இருந்தா?"

அம்மா இந்தத் தடவை கேலி செய்யவில்லை. கைபேசியை வாங்கி, கடையிலிருந்து கொண்டு வந்த மெல்லிய துணியால் திரையைத் துடைத்தார். அது அவர் யோசிக்கும்போது செய்வது. பிறகு நூலக அக்காவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"நல்ல வேளை கேட்டீங்க" என்றார் நூலக அக்கா. "நத்தை உங்க பொண்ணு வயசுதாங்க. சேரும்போது அவங்க அம்மாகிட்டயும் பள்ளிக்கூடத்துலயும் நானே பேசினேன். அந்தப் பயம் வேண்டாம். ஆனா எந்தப் புத்தகத்தை எப்படிப் படிக்கிறாங்கன்னு எனக்கும் தெரியாது."

பயம் போனது. சந்தேகம் போகவில்லை. மரங்கொத்தி கூட்டில் நத்தைக்கு ஒரு கேள்வி எழுதினாள்.

"ஐந்தாம் பக்கத்துல மேசைக்கு அடியில என்ன இருக்கு?"

உடனே பதில் வந்தது. "ஒரு எறும்பு. ரொட்டித் துணுக்கைத் தூக்கிட்டுப் போகுது."

மரங்கொத்தி குனிந்து பார்த்தாள். எறும்பு இருந்தது! இத்தனை நாளும் அவள் கண்ணிலேயே படாத, கடுகளவு எறும்பு.

"ஆறாம் பக்கத்துல ஜன்னல் பக்கத்துல யார் நிக்கிறாங்க?"

பதில் இல்லை.

"எட்டாம் பக்கத்துல பூட்டுக்காரர் எதுல உட்கார்ந்திருக்கார்?"

"தலைகீழாக் கவிழ்த்த வாளி மேல. வாளியில ஒரு ஓட்டை இருக்கு."

இருந்தது. ஓட்டையும் இருந்தது.

"மூணாம் பக்கம்?"

"மறந்துட்டேன்."

கழுகுக்கு அது போதுமாக இருந்தது. "மாட்டிக்கிச்சு! யாரோ சொன்னதைக் கேட்டு எழுதுது! மரங்கொத்தி கண்டுபிடிச்சிட்டா! சனிக்கிழமை கூட்டத்துல ஓட்டு வெச்சிடலாம்!"

மற்றவர்கள் மரங்கொத்தியை ஆஹா ஓஹோ என்று பாராட்டினார்கள். அவளுக்குத்தான் மகிழ்ச்சியாக இல்லை. கடைசியில் நத்தை ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. "என்னை அனுப்பிடாதீங்க. எனக்குப் புத்தகம் பத்திப் பேச வேற யாரும் இல்லை."

அதைப் படித்ததும் மரங்கொத்தி தன் கேள்விகளை மேலிருந்து மறுபடி படித்தாள். கேள்வி கேட்டது அவள்தானே? கொத்தியது அவள்தானே? சரி, நத்தை பொய் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். யாரோ சொல்லக் கேட்டு எழுதுகிற ஆளுக்குக் கதை தெரிந்திருக்கும், எறும்பு தெரிந்திருக்காது. இங்கே எறும்பு தெரிகிறது, கதை தெரியவில்லை. எங்கேயோ இடிக்கிறது.

சனிக்கிழமை காலையிலும் இடித்துக்கொண்டே இருந்தது. அப்போதுதான் வாண்டு வந்தான். வாண்டு அவள் தம்பி. பள்ளிக்கூடத்தில் புதிதாக எண்கள் கற்றுக்கொண்டிருந்தான். வாயைச் சுற்றி பிஸ்கட் தூள்.

"எனக்கு ஒரு புக் செஞ்சு குடு."

"போடா, நானே யோசனையில இருக்கேன்."

"செஞ்சு குடுத்துட்டு யோசி."

அவன் விட மாட்டான். மரங்கொத்தி ஒரு பெரிய வெள்ளைத் தாளை எடுத்தாள். மேலிருந்து கீழே பாதியாக மடித்தாள். அதைக் குறுக்கே இன்னொரு முறை மடித்தாள். குட்டிப் புத்தகம் ஆயிற்று. ஓரங்களை இன்னும் வெட்டவில்லை.

"பக்கத்துக்கு நம்பர் போடு" என்றான் வாண்டு.

மடிப்புகளை விலக்கி விலக்கி, ஒன்றிலிருந்து எட்டு வரை போட்டாள். கத்தரிக்கோலை எடுக்கத் திரும்பினாள். அதற்குள் வாண்டு மடிப்பைப் பிரித்துத் தாளைத் தரையில் விரித்துவிட்டான்.

"அய்யே! தப்பாப் போட்டிருக்கே! ஒண்ணுக்குப் பக்கத்துல எட்டு இருக்கு. நாலும் அஞ்சும் தலைகீழா நிக்குது!"

"தப்பு இல்லடா, மடிச்சா எல்லாம் அதது இடத்துக்கு வந்..."

மரங்கொத்தி பாதியில் நிறுத்தினாள். ஒன்று, நான்கு, ஐந்து, எட்டு. தாளின் ஒரு புறத்தில் இந்த நான்கு பக்கங்கள்தான் இருந்தன. திருப்பிப் போட்டாள். மறுபுறத்தில் இரண்டு, மூன்று, ஆறு, ஏழு.

நத்தைக்கு ஐந்து தெரியும். எட்டு தெரியும். மூன்று தெரியாது. ஆறு தெரியாது, ஏழு தெரியாது!

"டேய் வாண்டு!" அவள் தம்பியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். "நத்தைகிட்ட புத்தகம் இல்லடா! தாள்தான் இருக்கு! ஒரு புறம் மட்டும் அச்சடிச்ச தாள்!"

"இறக்கி விடு, எனக்கு வாந்தி வருது" என்றான் வாண்டு.

மடித்துத் தைக்காத தாளுக்கு அட்டை ஏது? தைத்துப் புத்தகமாகும் முன்பே தாள் கையில் இருப்பதால்தான், புத்தகம் கடைக்கு வந்ததும் நத்தையால் முதல் ஆளாக எழுத முடிகிறது என்பதும் புரிந்தது. மஞ்சள் கிளி மட்டும்தான் புரியவில்லை. கழுகுக்கு உடனே எழுதிவிடலாம் என்று கை பரபரத்தது.

எழுதப் போனவள் நின்றாள். நத்தை இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை? 'முழுதாகப் படித்த புத்தகம்' என்ற விதி இருக்கிறதே! தன்னிடம் முழுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்ல நத்தைக்குக் கூச்சமாக இருந்திருக்கும். சொல்வதா வேண்டாமா என்பது நத்தையின் விருப்பம். அதை இவள் எடுத்துக் கொத்தக் கூடாது.

மாலையில் கூட்டம் தொடங்கியது. வாரத்தில் இந்த ஒரு நாள் மட்டும் எல்லோரும் குரலில் பேசிக்கொள்வார்கள். நூலக அக்கா எல்லோரையும் வரவேற்றார். கழுகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"முதல்ல ஓட்டு. நத்தையைக் கூட்டை விட்டு..."

"ஒரு நிமிஷம்" என்றாள் மரங்கொத்தி. "அக்கா, ஓட்டுக்கு முன்னாடி நான் ஒரு நாலு பக்கம் படிக்கலாமா?"

"படிம்மா."

மரங்கொத்தி புத்தகத்தைத் திறந்தாள். வேறு எதுவும் சொல்லாமல் இரண்டாம் பக்கத்தைப் படித்தாள். பூட்டுக்காரருக்கு உறவென்று சொல்ல அந்தக் கிளியைத் தவிர யாரும் இல்லை. மூன்றாம் பக்கத்தைப் படித்தாள். வேலை முடிந்ததும் அவர் அன்று நடந்ததையெல்லாம் கிளியிடம் சொல்வார். அப்புறம் ஆறும் ஏழும். கிளி இறக்கைக்குள்ளிருந்து சாவியை எடுத்தது, கூண்டைத் திறந்தது, ஜன்னல் வழியே பறந்துவிட்டது. ஜன்னலருகே நின்ற பூட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். படங்களில் இருந்ததையும் விடாமல் சொன்னாள்.

"எதுக்கு இதை மட்டும் படிக்கிறே? இது எங்களுக்கே தெரியுமே" என்றான் கழுகு.

எங்கோ மிகத் தொலைவில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, யாரும் இதுவரை கேட்டிராத மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அப்போ... எட்டாம் பக்கத்துல அவர் சாவிக்காக அழலையா?"

"இல்லை" என்றாள் மரங்கொத்தி. "கிளிக்காக."

"ஓ!" என்றது அந்தக் குரல். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நான் அவரைக் கஞ்சன்னு நினைச்சிட்டேன். ஒரு சாவிக்குப் போய் இப்படி அழுறாரேன்னு."

நத்தை ஒரு சிறுமி. அவள் தானாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"எங்க அப்பா அச்சகத்துல மெஷின் ஓட்டுறார். மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது முதல்ல வர்ற தாள் சரியா வராது. ஒரு புறம் அடிச்சதுமே கழிச்சிடுவாங்க. மறுபுறம் வெள்ளையா இருக்கும். எட்டுப் பக்கம் வர வேண்டிய தாள்ல நாலுதான் இருக்கும். முதலாளிகிட்ட கேட்டுட்டு, நான் படம் வரையறதுக்காக அப்பா கொண்டு வருவார். நான் வரையறதில்லை. அச்சடிச்ச பக்கத்தைத்தான் படிப்பேன். பாதி தலைகீழா இருக்கும், தாளைச் சுத்திச் சுத்திப் படிப்பேன். எங்க ஊர்ல நூலகம் கிடையாது. நடுவுல இல்லாததை நானே யோசிச்சுக்குவேன்."

"அப்போ மஞ்சள் கிளி?" மரங்கொத்தியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன், அது மஞ்சள் இல்லையா?"

"பச்சை!" என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

"அடடா! நீல மை சரியா விழலைன்னு அப்பா சொன்னார். மஞ்சளோட நீலம் சேர்ந்தாத்தானே பச்சை!" நத்தை சிரித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியது. ஓட்டு இன்னும் பாக்கி இருந்தது. அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது, நத்தைக்கும்தான். அவள் மெதுவாகக் கேட்டாள். "நான் போயிடணுமா?"

கழுகு புத்தகத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அடுத்த தாள்ல பத்தும் பதினொண்ணும் உன்கிட்ட இருக்காதே?" என்றான்.

"இருக்காது."

"அதை நான் படிக்கிறேன். குறுக்கே பேசாம கேளு."

கத்திப் பேசுகிற கழுகு, அந்த இரண்டு பக்கங்களையும் தூங்குகிற பிள்ளையை எழுப்பிவிடாதவன் போல மெதுவாகப் படித்தான். பதினான்கும் பதினைந்தும் தனக்குத்தான் என்று முயல் முந்திக்கொண்டாள். ஓட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றான் கழுகு கடைசியில். "அவரே கூண்டைத் திறந்து விட்டார்னு நீ யோசிச்சியே, அதுவும் நல்லாத்தான் இருக்கு."

"அடுத்த வாரம் புதுசா ஒண்ணு வருது" என்றாள் நத்தை. அவள் குரல் இப்போது மெல்லியதாக இல்லை. "திமிங்கலம் பத்தினது. ஒண்ணு, நாலு, அஞ்சு, எட்டு என்கிட்ட இருக்கு. புத்தகம் வந்ததும் மீதியை யார் படிப்பீங்க?"

"நான்! நான்!" என்று கூடே அதிர்ந்தது.

மரங்கொத்தி 'பூட்டுக்கடைக் கிளி'யின் அட்டையைப் படம் எடுத்து, 'நத்தைக்கு' என்று எழுதி அனுப்பினாள். மனசு லேசாக இருந்தது, பசியும் நன்றாக எடுத்தது. சமையலறைக்குப் போய் பிஸ்கட் டப்பாவைத் தூக்கினாள்.

டப்பாவும் மனசைப் போலவே லேசாக இருந்தது. அவள் அதை ஆட்டிப் பார்த்தாள், மூடியைத் திறந்து பார்த்தாள், பிறகு கண்களைச் சுருக்கிக்கொண்டு வாண்டுவைத் தேடிப் போனாள்.