மூன்று மணி வரைக்கும் விருந்தாளி

“ஹெர்மி, அந்த அலமாரியைத் தொடாதே!”

“ஏன் தொடக்கூடாது? நான் வாங்கிட்டு வந்த கிண்ணம்தானே…”

“வாங்கினது நீ. எட்டு வருஷமா சனிக்கிழமை தவறாம துடைச்சு வைக்கிறது யாரு? நான்!”

“துடைச்சது போதும், புரிட்டா. ஒரு தடவை அதுல சாப்பிடலாம்!”

“அது விருந்தாளிங்களுக்கு!”

அப்பாவும் அம்மாவும்தான். சத்தம் தெருவரை கேட்டது. நான் வாசலில் ஐஸ் கட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். சாக்குக்குள்ளிருந்து குளிர்ந்த தண்ணீர் சொட்டிச் சொட்டி என் முழங்காலில் மரத்தூள் ஒட்டியிருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது. பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரில், எங்கள் வீட்டில் பயறும் பழமும் ஐஸும் சேர்த்து ஹாலோ-ஹாலோ செய்யும் நாளெல்லாம் ஐஸ் வாங்கி வருவது என் வேலை.

சண்டை ஆறு கண்ணாடிக் கிண்ணங்களுக்காக. பூ விரிந்ததுபோல விளிம்பு. கீழே குட்டையான ஒரு கால். அப்பா சரக்குக் கப்பலில் வேலை செய்தார். ஜப்பானின் கோபே துறைமுகத்தில் வாங்கி, தன் சட்டைகளில் சுற்றி, ஒன்றுகூட உடையாமல் கொண்டுவந்தார். வந்த அன்றே அம்மா அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“போன திருவிழாவுக்குப் பாதிரியார் வந்தாரே, அவருக்கு இதுல கொடுத்தியா?” என்று அப்பா கேட்டார்.

“அவருக்குச் சர்க்கரை வியாதி. இனிப்பு சாப்பிட மாட்டார்.”

“அப்போ யாருக்குத்தான் கொடுப்பே?”

அம்மா என் கையிலிருந்து ஐஸை வாங்கிக்கொண்டு போனாள்.

எப்போதும்போல பிளாஸ்டிக் கோப்பைகளில்தான் ஹாலோ-ஹாலோ வந்தது. தம்பி நோனோய் கோப்பைக்குள் மூக்கை விட்டான்.

“கருவாட்டு வாசனை அடிக்குது!”

“நேத்து அதுலதான் கருவாட்டுக் குழம்பு வெச்சிருந்தேன். நல்லாத்தான் கழுவினேன். பேசாம சாப்பிடு.”

“அக்காவுக்குப் பயறு அதிகம்!”

“உன் கோப்பைக்கு அடியில கிடக்கும், தோண்டிப் பாருடா!”

அப்பா எங்கள் சண்டைக்குச் சிரிக்கவில்லை. அவர் கோப்பையில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. அன்று மூன்று மணிக்கு அவருக்குக் கப்பல். மறுபடி வர இரண்டு வருஷம் ஆகும். அவர் எழுந்து பெட்டி கட்டப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“அப்பா, அந்தக் கிண்ணம் உங்களுக்கு அவ்வளவு பிடிக்குமா?”

“கப்பல்ல எல்லாமே தகரக் குவளைதான், லாக்ரிங். அந்தக் கடை வாசல்ல மூணு நாள் நின்னு பார்த்தேன். நீங்க எல்லாரும் அதுல சாப்பிடுற மாதிரியே கண்ணுக்குள்ள தெரிஞ்சுது. அதான் வாங்கினேன்.”

நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு அவர் காதில் ரகசியம் சொன்னேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெட்டியோடு பின்வாசல் வழியாக நழுவினார்.

சிறிது நேரத்தில் முன்கதவு தட்டும் சத்தம்.

“வீட்டுல யாருங்க?”

அம்மா ஈரக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். “என்ன கூத்து இது?”

“நான் ஒரு மாலுமிங்க. வெயில்ல வர்றேன். குளிர்ச்சியா ஏதாவது கிடைக்குமா?”

“அம்மா, விருந்தாளி!” என்று கத்தினேன்.

“அது நம்ம அப்—” என்று ஆரம்பித்த நோனோயின் வாயைப் பொத்தினேன்.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் திட்டுவதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“ஐயா, இந்தப் பக்கம் வந்து எவ்வளவு நாளாச்சு?”

“ரெண்டு வருஷம்.”

“எத்தனை நாள் தங்குவீங்க?”

“இன்னிக்கு மூணு மணி வரைக்கும்.”

அதை அப்பா விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மாவின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. உடுப்பில் கையை மெதுவாகத் துடைத்தாள். சாவியை எடுத்தாள்.

“உள்ள வாங்க. உட்காருங்க” என்றாள்.

ஒரே ஒரு கிண்ணம்தான் எடுத்தாள்.

“விருந்தாளி தனியாவா சாப்பிடுவார்?” என்றேன். என்னை முறைத்துக்கொண்டே இன்னும் மூன்றை எடுத்தாள். அடியில் கடையின் தங்க நிறச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

சிவப்புப் பயறு, மஞ்சள் பலாச்சுளை, வெள்ளை ஐஸ், உச்சியில் ஊதா ராசவள்ளிக்கிழங்கு. ஒவ்வொரு அடுக்கும் வெளியே தெரிந்தது. நோனோய் மேசையில் தாடையை வைத்து நான்கையும் அளந்தான்.

“எல்லாருக்கும் ஒரே அளவு!” அவனுக்குச் சண்டை போட எதுவும் கிடைக்கவில்லை.

அவன் கரண்டி கிண்ணத்தில் இடித்து ‘டிங்’ என்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒன்றும் ஆகவில்லை.

“கெட்டிதான்” என்றாள் அம்மா. கிண்ணத்தை மோந்தும் பார்த்தாள். “கருவாட்டு வாசனையும் இல்லை. கிண்ணத்தோட காலைப் பிடிச்சா கைச்சூடு ஐஸுக்குப் போகலை. இத்தனை நாளா வெறும் அழகுக்குன்னே நினைச்சிருந்தேன்.”

அப்பா கலக்காமல் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடிவரை சுரண்டிச் சாப்பிட்டார்.

தெருவில் வண்டிக்காரர் மணியடித்தார். அப்பா பெட்டியைத் தூக்கினார். அம்மா கிண்ணங்களைக் கழுவி, அடுப்புக்குப் பக்கத்துப் பலகையில் வரிசையாகக் கவிழ்த்தாள். பிறகு வாசலுக்கு ஓடி வந்தாள்.

“அடுத்த தடவை கதவையெல்லாம் தட்டாதே, ஹெர்மி. நேரா சமையலறைக்கு வா. கிண்ணம் இனிமே அங்கேதான் இருக்கும்.”