நாலாக நறுக்கிய கண்கள்

"செத்துப்போன பொம்பளையோட கையைப் பிடிச்ச ஆள் இந்த அயோவா மாநிலத்துலயே நான் ஒருத்தன்தான். அந்தக் கையில நாலரை விரல் இருந்துச்சு. பொறுமையா எண்ணிப் பார்த்தேன்."

வெண்டல் க்ரூஸ் இப்படி ஆரம்பித்தால் மில்ஃபோர்க் ஊர்க் காபிக் கடையில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். பனிப்புயலில் ஒன்பது மைல் தூரம் பேருந்தைப் பின்பக்கமாகவே ஓட்டி, முதல் மணி அடிப்பதற்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன் என்பார். தான் பிடித்த கெளுத்தி மீன் விட்ட ஏப்பத்தில் தன் தொப்பி பறந்து பக்கத்து மாவட்டத்தில் போய் விழுந்தது என்பார். இப்படிப்பட்டவர் பேயின் விரலை எண்ணினேன் என்றால் யார் நம்புவார்கள்?

எல்லோரையும்விட நம்பாதவர் அவருடைய அக்கா ஐலீன். அதே பள்ளியில் நர்ஸாக இருந்தவர். "விரலை எண்ணினானாம்! பஸ்ல பிள்ளைங்களையே ஒழுங்கா எண்ணமாட்டான். ரெண்டு தடவை ஒரு பையனைப் பள்ளிக்கூடத்துலயே விட்டுட்டு வந்தவன்."

நடந்தது போன வருடம் அக்டோபர் முப்பதாம் தேதி.

அன்று மதியம் வெண்டல் ஊர்ப் பொதுக்கூடத்தின் பின்கதவைத் தோளால் தள்ளித் திறந்தார். இரண்டு கையிலும் மளிகைப் பைகள். நூறு வருடத்துப் பழைய கட்டடம். சமையலறையில் ஆறிப்போன எண்ணெய் நாற்றம், ஈரப் பலகை நாற்றம். இரண்டுக்கும் அடியில், மெல்லிசாக, கிராம்பு.

கிராம்பு என்றால் ஓப்பல் டீக். முப்பத்தெட்டு வருடம் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் என்னும் பேய்த் திருநாள் விருந்து சமைத்தவர். பல்வலிக்காக வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அடக்கி வைத்திருப்பார். சோளம் உரிக்கும் இயந்திரத்தில் அவருடைய ஆள்காட்டி விரல் பாதியோடு போயிருந்தது. விரல் பிஸ்கட் சுடும் நாளில் அந்த மொட்டை விரலை நீட்டி, "மீதியை மாவோட சேர்த்துப் பிசைஞ்சுட்டேன், யார் பல்லுல மாட்டுதோ பாக்கலாம்!" என்பார். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடும். ஓடிப்போய்த் திரும்பி வந்து இன்னொரு பிஸ்கட் கேட்கும்.

அந்த வருடம் மார்ச் மாதம்தான் ஓப்பலை அடக்கம் செய்தார்கள். இனி விருந்து வேண்டாம், நிறுத்திவிடலாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேச்சு வந்தது. வெண்டலின் மகள் அந்தக் கோடையில்தான் நாலு வயது ஜூனியைக் கூட்டிக்கொண்டு ஊரோடு வந்திருந்தாள். அந்தக் குழந்தைக்கு இது முதல் விருந்து. வெண்டல் எழுந்து நின்றார்.

"நான் செய்யறேன். ஓப்பல் செஞ்சதைவிட ரெண்டு மடங்கு பயமா இருக்கும், நாலு மடங்கு ருசியா இருக்கும். மேஜைல இருக்கற அத்தனையும் தின்னலாம். பிசாசோட குடலைக்கூடத் தின்னலாம்!"

"உன் சமையலைத் தின்னா பிசாசுக்கே வயித்தால போகும்டா," என்றார் ஐலீன்.

ஓப்பலின் செய்முறை அட்டைகள் ஒரு தகர டப்பாவில் இருந்தன. வெண்டல் ஒவ்வொன்றாக எடுத்துச் சமைத்தார். மாவு நாடா சுற்றிய தொத்திறைச்சி, பிணம்போல விறைத்துக்கொண்டு தட்டில் படுத்தது. பாதாம் நகம் பதித்த விரல் பிஸ்கட்டுகள் அடுப்பில் வீங்கின. அடுத்தது இருட்டு விளையாட்டுக்கான கிண்ணங்கள். விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, செத்தவன் உடம்பு என்று சொல்லி ஒவ்வொரு கிண்ணமாகக் கை மாற்றுவார்கள். காதுக்கு உலர்ந்த ஆப்ரிகாட் பழம். குடலுக்கு எண்ணெயில் புரட்டிய ஆறிய நூடுல்ஸ்.

கண்ணுக்குரிய அட்டை டப்பாவின் அடியில் கிடந்தது.

'திராட்சை. தோலை உரி. நாலாக நறுக்கு. எப்போதும்.'

'எப்போதும்' என்ற சொல்லுக்கடியில் மூன்று கோடுகள். மூன்றாவது கோடு அழுத்தியதில் அட்டையே கிழிந்திருந்தது.

"நாலா நறுக்கினா அது கண்ணா? ஊறுகாய்," என்று வெண்டல் காலிச் சமையலறையைப் பார்த்துச் சொன்னார். "கடைசிக் காலத்துல உனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு, ஓப்பல்."

அதுவரை சொட்டிக்கொண்டிருந்த குழாய், நின்றது.

வெந்நீரில் போட்டு எடுத்த பெரிய திராட்சைகளை அவர் ஒவ்வொன்றாக உரித்தார். வழுவழுவென்று, வெளுப்பாக, ஒவ்வொன்றும் அவரையே பார்த்தது. ஐம்பது கண்கள். கிண்ணத்தை வைத்துவிட்டு, சர்க்கரை எடுக்கப் பக்கத்துச் சாமான் அறைக்குப் போனார்.

அப்போது கேட்டது.

டக். டக்.

ஒரு சின்ன இடைவெளி.

டக். டக்.

பலகையில் கத்தி விழும் சத்தம். அவசரமில்லாத, பழகின கை.

"ஐலீன்?"

சத்தம் நிற்கவில்லை. அவர் கதவுக்கு வந்து சேர்ந்தபோதுதான் நின்றது. சமையலறையில் யாரும் இல்லை. பலகை ஈரமாக இருந்தது, கத்தி ஈரமாக இருந்தது. கிண்ணத்தில் ஐம்பது திராட்சையும் நாலு நாலாக நறுக்கிக் கிடந்தன.

கூடத்தின் அடுத்த மூலையில் ஐலீன் ஏணிமேல் நின்று காகித வௌவால் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என் கண்ணையெல்லாம் நறுக்கினியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? நீயே நறுக்கிட்டு மறந்திருப்ப. எழுபத்துமூணு வயசாச்சுடா உனக்கு."

"சமையலறையில கிராம்பு வாசனை அடிக்குது, ஐலீன்."

"முப்பத்தெட்டு வருஷம் அவ நின்ன இடம். பின்ன மல்லிகைப்பூ வாசனையா அடிக்கும்?"

வெண்டல் வீராப்போடு இரண்டாவது கொத்தை எடுத்து உரித்தார். இந்தத் தடவை கிண்ணத்தை விட்டு அகலவே இல்லை. மேலே துணியைப் போட்டு மூடி, இடது கையால் அணைத்துக்கொண்டே மற்ற வேலைகளைப் பார்த்தார். கிண்ணம் அவர் விலாவை ஒட்டியபடி சில்லிட்டது. சில்லிட்டுக்கொண்டே போனது.

ஐந்து மணிக்குப் பழரசத்தில் மிதக்கவிடும் பனிக்கையை எடுத்தார். முந்தின இரவு புதுப் பொட்டலத்தைப் பிரித்து, ரப்பர் கையுறையைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வீட்டில் உறையவைத்தது. ஐந்து விரலும் முட்டமுட்ட இருந்ததை அவரே நீவிப் பார்த்திருந்தார். இப்போது கத்தரியால் ரப்பரைக் கீறி உரித்தார்.

கட்டை விரல் இருந்தது. நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் இருந்தன.

ஆள்காட்டி விரல் பாதியோடு நின்றது. உடைந்த தடம் இல்லை. நுனி மழுங்கலாக, ஆறின காயம்போல இருந்தது.

"தண்ணி குறைச்சலா ஊத்தியிருப்ப," என்றார் ஐலீன். ஆனால் அதைத் தொடவில்லை.

ஆறு மணிக்குப் பெற்றோர் கூட்டிக்கொண்டுவரப் பிள்ளைகள் வந்தார்கள். பதினாலு பேர். ஜூனி, முகம் செதுக்கிய பூசணிக்காய் வேடம். ஒரு வாரமாக ஒரே ஒரு நகைச்சுவையை மனப்பாடம் செய்துகொண்டு திரிந்தாள். அந்த ஊர்ப்பக்கம் ஹாலோவீனுக்கு மிட்டாய் வேண்டுமானால் பிள்ளை ஒரு நகைச்சுவை சொல்லியாகவேண்டும். இருட்டு விளையாட்டிலும் அதே வழக்கம்தான். கிண்ணத்துக்குள் கையை விட்டுத் தொட்டுவிட்டு, ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் அடுத்தவருக்குத் தள்ளவேண்டும்.

"தாத்தா, நெசமாவே கண்ணையும் தின்னலாமா?"

"என் சமையல்ல எல்லாத்தையும் தின்னலாம் தங்கம்!"

விளக்கை அணைத்தார்கள். ஜன்னல்களில் கறுப்புக் காகிதம். தன் மூக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டிய இருட்டு. வெண்டல் வட்டத்தின் ஒரு முனையில். ஐலீன் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். காது போயிற்று, குடல் போயிற்று. வீல் வீல் என்ற கத்தலும் சிரிப்பும்.

"இப்ப வருது... கண்ணு!"

கிண்ணம் கை மாறியது. ஒரு பையன் சொன்னான், சிரித்தார்கள். ஒரு பெண் சொன்னாள், அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். அடுத்தது ஜூனி.

வெண்டல் முன்னதாகவே சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டார்.

ஒன்றும் வரவில்லை.

"சொல்லு தங்கம்!"

இல்லை.

"வெக்கப்படுறா!" என்று யாரோ சிரித்தார்கள். மற்றவர்களும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்தார்.

கிராம்பு வாசனை வந்தது. இந்தத் தடவை மெல்லிசாக இல்லை. மிக அருகில், மூச்சுக் காற்றோடு.

அவர் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது.

குளிர்ந்த கை. பனியில் ஊறவைத்து எடுத்ததுபோல எலும்பு வரைக்கும் குளிர். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பிறகு ஒரு மொட்டை நுனி.

கை இழுத்தது. அது கெஞ்சவில்லை. மாட்டை இழுப்பதுபோல இழுத்தது. நாற்காலி சரிய, பிள்ளைகளின் கால்கள் இடற, அவர் முழங்காலில் விழுந்து இருட்டுக்குள் இழுபட்டார். துணியாலான பூசணிக்காய் ஒன்றின்மேல் அவர் உள்ளங்கையைக் கொண்டுபோய் வைத்து அழுத்தியது.

அதற்குள்ளே ஒரு சின்ன நெஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது. மூச்சில்லாமல்.

சத்தமே இல்லை. ஒரு முனகல்கூட இல்லை.

"லைட்டு!" என்று வெண்டல் கத்தினார். "லைட்டப் போடுங்க!"

கத்தி முடிப்பதற்குள் கூடம் முழுக்க வெளிச்சம்.

ஜூனியின் முகம் நீலம் பாரித்திருந்தது. வாய் திறந்திருந்தது. அதற்குள் ஐலீன் பாய்ந்து வந்துவிட்டார். குழந்தையைப் பின்னாலிருந்து அணைத்து, குனியவைத்து, தோள்களுக்கு நடுவே அறைந்தார். ஒன்று, இரண்டு, ஐந்து. பிறகு தொப்புளுக்கு மேலே முஷ்டியை வைத்து உள்ளே, மேலே என்று இழுத்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை.

மூன்றாவது தடவை, தரையில் ஏதோ 'தப்' என்று விழுந்து உருண்டது.

வெளுப்பாக, வழுவழுவென்று, முழுசாக.

ஜூனி வீரிட்டாள். எந்த அழுகையையும் வெண்டல் தன் வாழ்நாளில் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அழுது ஓய்ந்து, ஓடி வந்த அம்மாவின் தோளில் சாய்ந்தபடி, கரகரத்த குரலில் அவள் சொன்னாள்: "பூசணிக்காய் ஏன் சிரிக்குது தெரியுமா? நாமதானே அதுக்கு வாயை வெட்டினோம்." யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எல்லோரும் அழுதுகொண்டே கைதட்டினார்கள்.

"நல்லவேளை ஐலீன் லைட்டப் போட்டீங்க," என்று ஊரே மெச்சியது. ஐலீன் தலையை ஆட்டிவைத்தார்.

மறுநாள் வெண்டலின் மணிக்கட்டில் நீலத் தடங்கள். நாலு நீளம், ஒன்று குட்டை. "நாற்காலி இடிச்சிருக்கும். ரத்தம் இளக மாத்திரை சாப்பிடறவனுக்குத் தொட்டாலே கன்னிப்போகும்," என்று அக்கா களிம்பு தடவினார். தடவும்போது மட்டும், தரையைப் பார்த்தபடி, ஒன்று சொன்னார். "ஓப்பலுக்கு ஒரு பையன் இருந்தான், தெரியுமா? இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி. மூணு வயசு. ஏதோ ஒரு விருந்துல முழுத் திராட்சையைத் தின்னிருக்கான். யாருக்கும் கேக்கல."

அதற்குப் பிறகு அந்தப் பையனைப் பற்றிய பேச்சே இல்லை. வெண்டல் காபிக் கடையில் கதை சொல்வதும், ஐலீன் காலை வாருவதுமாக ஒரு வருடம் போயிற்று.

இந்த அக்டோபரும் வந்தது. ஜூனிக்கு ஐந்து வயது, இந்தத் தடவை வௌவால் வேடம். அக்காளும் தம்பியும் மதியமே சமையலறைக்கு வந்துவிட்டார்கள். வெண்டல் திராட்சையைக் கழுவி, கொத்தோடு பலகையில் வைத்தார்.

"இந்தத் தடவை நானே நாலா நறுக்கப்போறேன். மேஜையைக் கொண்டு வந்து போட்டுட்டு வந்துடறேன்."

"உன் பேய் வந்து ஒத்தாசை பண்ணாதா?" என்றார் ஐலீன். "கூலி கேக்குதா?"

இருவரும் நீண்ட மேஜையின் இரண்டு முனையையும் பிடித்துக் கூடத்தில் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

பலகையில் திராட்சை இல்லை. வெறும் காம்பு இருந்தது. பக்கத்தில் தோல் ஒரு சின்னக் குவியல். கிண்ணத்தில், உரித்து, நாலு நாலாக நறுக்கிய திராட்சை. மேலே ஒரு கிராம்பு.

குழாய் சொட்டவில்லை.

வெண்டல் வாயைத் திறக்கவில்லை. அவருக்கே அது அதிசயம். அவர் அக்காவைப் பார்த்தார். ஐலீன் பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"வெண்டல்."

"என்ன?"

"அன்னிக்கு லைட்ட நான் போடலடா."

அவர் கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இங்க தட்டு அடுக்கிட்டு இருந்தேன். சுவிட்சு அந்தச் சுவர்ல இருக்கு, பாரு, எவ்வளவு தூரம். நீ கத்தறதுக்கு முன்னாடியே யாரோ என் முதுகுல கையை வச்சுக் கூடத்துக்குத் தள்ளினாங்க. அந்தக் குளிர் இன்னும் தோள்பட்டையில இருக்கு." ஐலீன் தன் கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கிப் பார்த்தார். "நானும் எண்ணினேன். நீ சொன்னதெல்லாம் நெசம். நடந்துச்சுடா."