விலக்குப் பட்டியலில் ஐந்தாவது

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அம்பலவாணனின் தொட்டிப் பட்டறைக்குள் நுழையும் வெல்டர்களுக்கு வாசலிலேயே சாமான் கொடுத்துவிடுவார்கள். தோல் கையுறை, முகக்கவசம், ஏப்ரன், பச்சை வாளி. வாளி வாந்தி எடுக்க. ஞாயிறு ஒருநாள் காதுக்குப் பின்னால் குமட்டி இல்லாமல் இருந்துவிட்டால் வயிற்றுக்குப் பழக்கம் விட்டுப்போகும். திங்களன்று முதல் ஒரு மணி நேரம் யாராவது ஓங்கரித்துக்கொண்டே இருப்பார்கள். பதினான்கு பேரின் புளித்த இட்லியும் துத்தநாகப் புகையும் பினாயிலும் கலந்து ஒரு வாடை அடிக்கும் பாருங்கள், கருமம், அந்த வாடையோடுதான் அங்கே வாரம் பிறக்கும்.

குமட்டி பெரிய சங்கதி இல்லை. ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்கு ஒரு தகடு. கூரைக் கேமராக்களும் வாயுமானிகளும் ஆபத்து என்று சொன்னால் அது கழுத்து நரம்பை லேசாகத் தொடும். அவ்வளவுதான், வாயில் எச்சில் ஊறும், செத்த எலியை மோந்தது போல வயிறு புரளும். அதற்கு முன்னால் மணி அடித்துப் பார்த்தார்கள், சிவப்பு விளக்கு போட்டுப் பார்த்தார்கள். நம்ம ஆட்களா கேட்பார்கள்? "ரெண்டு பொட்டு வெல்டு வைக்கறதுக்கு மாஸ்க் எதுக்கு?" என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு பொறியைத் தட்டுவார்கள், ராத்திரி கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது போல எரிய, உருளைக்கிழங்கை அரிந்து இமைமேல் வைத்துக்கொண்டு புரளுவார்கள். சுளீரென்று மின்சாரம் வைத்தபோது, "இவ்ளோதானா?" என்று சிரித்தார்கள். வலியைத் தாங்குகிறவனை நம் ஊரில் ஆம்பளை என்பார்கள். வாந்தியைத் தாங்குகிறவனை யாரும் எதுவும் சொல்வதில்லை, தள்ளிப் போ என்பதைத் தவிர. குமட்டியைக் கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருந்தது.

எஸ்தரும் குணசீலனும் ஒன்பது வருஷமாக அங்கே ஜோடி. ஒருவர் தொட்டிக்குள் இறங்கினால் மற்றவர் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ரெண்டு தடவை சுண்டினால் 'நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். குமட்டி வருவதற்கு முன்னாலிருந்தே அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு அது. மதியச் சாப்பாடும் ஒன்றாகத்தான், வாசலோரம் அடுக்கியிருக்கும் இரும்புத் தகடுகளின் மேல் உட்கார்ந்து. திங்களன்று குணசீலன் சட்டைப்பையில் இஞ்சி மரப்பா வைத்திருப்பார்.

"வாயில போட்டுக்க எஸ்தரு. மொகமே வெளுத்துப் போச்சு."

"உங்களுக்கு இல்லையாண்ணே?"

"நான் ரெண்டு தடவை எடுத்துட்டேன். இனிமே உள்ள ஒண்ணுமில்ல."

குமட்டிகளை ஆட்டிவைப்பது மாடியில் இருந்த காரணப்பெட்டி. யாராவது நூலிழையில் தப்பினால், அதற்கு முன்னால் என்ன நடந்தது, அதற்கும் முன்னால் என்ன என்று பின்னோக்கித் துழாவிக்கொண்டே போகும். முதலில் முகக்கவசம் போடாதவனுக்குக் குமட்டியது. பிறகு துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் குழாயைப் பற்றவைக்கப் போனவனுக்கு. பிறகு பத்தடி தள்ளி உரிந்து கிடந்த கேபிளைத் தாண்டியவனுக்கும். விபத்து நின்றது. வாசல் பலகையில் 'விபத்தில்லா நாள்' இருநூறைத் தாண்டியது. அம்பலவாணன் பொன்னாடை போர்த்திக்கொண்டு படம் எடுத்து மாட்டினார்.

அப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. தினமும் பதினோரு மணிக்கு முதலாளி சுற்றிப் பார்க்க வருவார். வந்து வாயைத் திறந்தாரோ இல்லையோ, வரிசையாகப் பதினான்கு பேரும் வாளிக்குள் தலையை விட்டார்கள். ஒருநாள் இல்லை, எட்டு நாள். தன் அத்தர் வாடைதான் காரணம் என்று நினைத்து அத்தரை மாற்றினார். மறுநாளும் அதேதான்.

"என்னய்யா இது? என் மூஞ்சியப் பாத்தா வாந்தி வருதா ஒங்களுக்கு?"

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார் குணசீலன். "மூஞ்சியப் பாத்தா இல்ல மொதலாளி. பேச ஆரம்பிச்சாத்தான்."

பட்டறையே சிரித்தது. சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்தது.

குமட்டிக் கம்பெனியிலிருந்து பொறியாளர் நஸ்ரினை வரவழைத்தார் அம்பலவாணன். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் சார்பாக இருந்ததால் எஸ்தரையும் மாடிக்குக் கூப்பிட்டார்கள். நஸ்ரின் பெட்டியின் பதிவுகளை ஒரு மணி நேரம் பார்த்தாள்.

"முந்நூத்திப் பன்னண்டு தடவை நூலிழையில தப்பியிருக்கு சார். அதுல இருநூத்தி எழுபதுல, இருபது நிமிஷம் முன்னாடி பொதுவா ஒண்ணு இருக்கு."

"என்ன, பழைய கேபிளா? மாத்திடச் சொல்றேன்."

"கேபிள் இல்ல சார். நீங்க."

நஸ்ரின் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க வந்து 'சீக்கிரம் முடி, லாரி நிக்குது'ன்னு சொல்லிட்டுப் போறீங்க. அடுத்த இருபது நிமிஷத்துல யாராவது பெல்ட்டைக் கழட்டறாங்க, புளோயரை நிறுத்தறாங்க. பெட்டிக்கு முதலாளின்னா யாருன்னு தெரியாது. கசியற சிலிண்டர் மாதிரி நீங்களும் ஒரு காரணம், அவ்ளோதான்."

அம்பலவாணனின் காது சிவந்தது. "அதை அழி."

"கண்டுபிடிச்சதை அழிக்கச் சட்டத்துல இடமில்ல சார். விலக்குப் பட்டியல்ல சேக்கலாம். தீப்பொறியும் ஆபத்துதான், ஆனா அது இல்லாம வெல்டிங் இல்ல. அதனால பொறி, சிலிண்டர், கிரேன், வெட்டு இயந்திரம்னு நாலு சாமான் ஏற்கெனவே அதுல இருக்கு. அஞ்சாவதா உங்களைச் சேத்தா, நீங்களும் உங்க பேச்சால நடக்கற எதுவும் ஆபத்துக் கணக்குல வராது." தாள் ஒன்றை எடுத்து வைத்தாள். "ஆனா ஒண்ணு சார். காரணம் தேடறதுதான் அதோட வேலை. உங்களைப் பாக்காதன்னா, பக்கத்துல வேற யாரையாவது பாக்கும்."

"பாக்கட்டும். எங்க கையெழுத்து?"

தொழிலாளர் பிரதிநிதியும் கையெழுத்துப் போட வேண்டும். எஸ்தர் தாளை எடுத்துக்கொண்டு கீழே வந்து எல்லாரையும் கேட்டாள். எட்டு நாளாக ஒரு வாய்ச் சோறு வயிற்றில் தங்காத ஆட்கள் என்ன சொல்வார்கள்?

"போட்டுத் தொலைம்மா," என்றார் குணசீலன். "அந்தாளு திருந்தப் போறதில்ல. வாந்தியாவது நிக்கட்டும்."

போட்டாள். மறுநாள் பதினோரு மணிக்கு முதலாளி வந்தார், பேசினார், போனார். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குணசீலன் தயிர்சாதம் முழுசையும் சாப்பிட்டு ஏப்பம் விட்டார். சே, அந்த ஏப்பத்துக்காகத்தான் அத்தனை பேரும் சம்மதித்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை ஒரு பால் தொட்டி முடிய வேண்டியிருந்தது. வெளியிலிருந்து பற்றவைக்கும்போது உள்பக்கத் தையல் கறுக்காமலிருக்கத் தொட்டிக்குள் ஆர்கான் வாயுவை நிரப்புவார்கள். ஆர்கானுக்கு நிறமில்லை, வாசனையில்லை, காற்றைவிடக் கனம். வேலை முடிந்தாலும் காற்றைத் தள்ளிவிட்டு அடியில் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்கும், மூச்சுவிட ஒன்றும் இருக்காது. அரை மணி நேரம் புளோயர் வைத்து ஊதி, வாயுமானியை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்கலாம். புளோயர் ஓடிக்கொண்டிருந்தபோது அம்பலவாணன் வந்தார்.

"இன்னும் என்ன ஊதிக்கிட்டே இருக்கீங்க? வெளிய லாரி நிக்குது. எறங்கிப் பாத்துட்டு சீக்கிரம் மூடுங்க!"

புளோயரை நிறுத்தினார்கள். குணசீலன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார்.

"அண்ணே, மானி வெச்சுப் பாத்துடலாமா?" என்றாள் எஸ்தர்.

அவர் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "சும்மா இருக்கு பாரு. ஆபத்துன்னா இந்நேரம் கொடலைப் பொரட்டியிருக்காதா? ஒனக்கு எப்படி?"

எஸ்தரும் தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை. முப்பது வருஷம் தொட்டியில் கிடந்த மனுஷன், இங்கே வருமுன் எட்டு வருஷம் வெல்டிங் பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவள். இருவரும் தங்கள் புத்தியைக் கேட்கவில்லை, வயிற்றைக் கேட்டார்கள். வெட்கக்கேடு.

அவர் ஓட்டை வழியாக உள்ளே இறங்கினார். எஸ்தர் கயிற்றை ரெண்டு தடவை சுண்டினாள். பதில் வரவில்லை. மறுபடி சுண்டினாள். கயிறு தளர்ந்து கையில் தொங்கியது.

"இழுங்க! எல்லாரும் வாங்க, இழுங்க!"

கிரைண்டர் ஓட்டும் மகேந்திரன் ஓட்டைக்குள் தலையை விடப் போனான். அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் தள்ளினாள். "உள்ள போனா நீயும் விழுவடா! கம்ப்ரஸர் குழாயை எடுத்து உள்ள விடு! காத்தைத் தொற!" ஐந்து பேர் கயிற்றைப் பற்றி இழுத்தார்கள். குணசீலன் மூட்டை மாதிரி வந்து விழுந்தார். உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. எஸ்தர் அவர் மார்பில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள், எண்ணாமல் அழுத்திக்கொண்டே இருந்தாள். மூச்சு வந்தது.

தொழிற்சாலை ஆய்வாளர் மறுநாள் வந்தார். ஏசி அறையில் உட்கார்ந்து, முதலாளி வாங்கி வைத்த நெய் மைசூர்பாகைப் பிட்டு வாயில் போட்டபடியே படிவத்தை நிரப்பினார். விரல் பட்ட இடமெல்லாம் தாளில் நெய்.

"குமட்டல் பதிவாச்சா?"

"இல்ல சார், ஒருத்தருக்கும் இல்ல," என்றார் அம்பலவாணன்.

"அப்போ ஆபத்தான சூழ்நிலை இல்ல."

"சார், அவரு செத்துப் பொழைச்சிருக்காரு," என்றாள் எஸ்தர்.

"நான் என்னம்மா பண்றது? படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே. மயக்கம்னு போட்டிருக்கேன். வெயில் காலம் வேற." விரலைச் சப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அன்று வாசல் பலகையில் எண் இருநூற்றுப் பன்னிரண்டுக்குக் கூசாமல் ஏறியது. த்தூ.

குணசீலன் இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். பலகையில் இருநூற்று இருபத்தொன்பது. எல்லாருக்கும் கொடுக்க ஒரு பொட்டலம் லட்டு கொண்டுவந்திருந்தார். காதுக்குப் பின்னால் குமட்டியை ஒட்டிக்கொண்டு, வாளியை வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

முதலில் மகேந்திரன் எடுத்தான். பிறகு அவன் பக்கத்தில் நின்றவன். திங்கட்கிழமைதானே என்று எஸ்தர் நினைத்தாள். குணசீலன் லட்டை நீட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தார். அவள் அடிவயிற்றிலிருந்து கசப்பு தொண்டைக்கு ஏறியது. ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் ஊறுகாய் தொட்டுச் சாப்பிட்ட மனுஷர் எதிரில், அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி, வாளிக்குள் எடுத்தாள்.

தூணில் இருந்த திரையில் புது வரி ஒளிர்ந்தது: 'புதிய ஆபத்துக் காரணம்: குணசீலன், வெல்டர்.'

நஸ்ரின் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலாளியைப் பார்க்காதே என்றார்கள். பெட்டி பார்க்கவில்லை, அவர் பேச்சால் நின்ற புளோயரையும் பார்க்கவில்லை. தொட்டியில் மூச்சு நின்ற நாளில் அங்கே யார் இருந்தது என்று தேடி, விழுந்தவனையே பிடித்துக்கொண்டது. அவள் கையெழுத்தோடுதான்.

மதியம் வரைக்கும் குணசீலன் எங்கே போனாலும் ஆட்கள் விலகினார்கள். வேண்டுமென்று இல்லை, பாவம், வயிறு விலக்கியது. ஆனாலும் ஒருவன், "அண்ணே, கொஞ்சம் அந்தாண்ட போயேன்," என்று சொல்லியேவிட்டான். சாப்பாட்டு மணி அடித்தது. அவர் வாசலோர இரும்புத் தகடுகள் பக்கம் வரவில்லை. வாளிகள் கழுவும் குழாயடியில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். லட்டுப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

பதினோரு மணி உலாவுக்குப் பதிலாக அன்று அம்பலவாணன் மதியம் வந்தார். "எல்லாரும் வயிறார சாப்பிடுங்கப்பா," என்று அத்தர் மணக்கச் சொல்லிவிட்டு மாடியேறினார். ஒருவருக்கும் ஒரு ஏப்பம்கூட எதிர்த்து வரவில்லை.

எஸ்தர் டப்பாவையும் வாளியையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள். நெருங்க நெருங்க எச்சில் ஊறிக் கடைவாயில் வழிந்தது. பாதி வழியில் நின்று ஒருதரம் எடுத்தாள், துடைத்தாள், மறுபடி நடந்தாள்.

"வராத எஸ்தரு. நான் இங்கயே இருந்துக்கறேன்."

அவர் டப்பாவைத் திறந்திருக்கவில்லை. அவர் வாளியிலும் பித்தநீர் கிடந்தது.

"நீங்க ஏண்ணே சாப்பிடல?"

"என்னமோ தெரியல. ஆஸ்பத்திரில நல்லாத்தான் இருந்தேன். வீட்லயும் நேத்து மீன் கொழம்பு தின்னேன். உள்ள வந்ததுலேருந்து, என் கையப் பாத்தாலே கொமட்டுது. இதே கையால எப்படிச் சோத்தைத் தொடறது?"

எஸ்தர் டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு அவர் காதுக்குப் பின்னால் இருந்த தகட்டைப் பார்த்தாள். அதுவும் மற்றவர்களுடையதைப் போலத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது, விலகு, விலகு என்று அந்த மனுஷனின் கழுத்தைக் காலையிலிருந்து தொட்டுக்கொண்டே இருந்தது. அவர் எங்கே விலகுவார்?

அவள் கை நீட்டி அவர் குமட்டியைப் பிய்த்தாள். அடுத்துத் தன்னுடையதை. இரண்டையும் குழாயடிச் சாக்கடையில் வீசினாள்.

சங்கு ஊதியது. வாசல் பலகையில் இருநூற்று இருபத்தொன்பது அணைந்து, பெரிதாக ஒரு பூஜ்யம் எரிந்தது. அதன் கீழே 'பாதுகாப்பு மீறல்' என்று சிவப்பில் எழுத்து ஓடியது. மூச்சு நின்றபோது அசையாத எண், இப்போது விழுந்தது.

"சாப்பிடுங்கண்ணே," என்றாள்.

குணசீலன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். எஸ்தர் அவர் டப்பாவிலிருந்தே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை.

மாடிப்படியில் அம்பலவாணன் தடதடவென்று இறங்கி வந்தார். "யாரு கழட்டுனது? இருநூத்தி இருபத்தொம்பது நாள் போச்சே! மாட்டுங்க! சீக்கிரம் மாட்டுங்க!"

இரும்புத் தகடுகளின் மேல் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரும் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நிம்மதியாகச் சோற்றைப் பிசைந்தார்கள். காதில் ஒன்றுமில்லாத எஸ்தருக்குத்தான் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அவள் அடுத்த வாய் எடுத்தாள்.