விருந்தாளிக்குப் பொறுப்பாளி

மேசைமேல் கிடந்த வைஃபை பெட்டிக்கு மின்சாரமும் இல்லை, கேபிளும் இல்லை. சூடாகிறது என்று புகார் வந்ததால் டவர் தானே ஏணி போட்டு ஏறிக் கூரையிலிருந்து கழற்றி வந்து, காகிதம் பறக்காமலிருக்கப் பாரமாக வைத்திருந்தார். ஆனால் அந்தப் பெட்டியின் வழியாக ஒருவர் இணைய அனுமதி கேட்டுக் காத்திருப்பதாகக் கம்ப்யூட்டர் திரை காட்டியது.

பல்கலைக்கழகத்துக்கு விடுமுறை. மாடி முழுக்க அவர் ஒருத்தர்தான். எங்கே வைஃபை செத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பதால் அவருக்கு டவர் என்று பேர் வைத்திருந்தார்கள். வெளியே மாலை மழை ஜன்னல் தகரத்தில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. அடைத்துக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்ததுபோல ஒரு வாடை அறைக்குள் மெல்ல வந்து தங்கியது.

வெளியாள் யாருக்கும் சும்மா வைஃபை கிடையாது. உள்ளே இருக்கிற ஒருவர் நான் பொறுப்பு என்று சொல்லி ‘ஆம்’ அமுக்க வேண்டும். உள்ளே யாரையும் தெரியாதவர்களின் கோரிக்கை, வைஃபையைப் பார்த்துக்கொள்கிற டவரின் பிரிவுக்கு வரும். போன் போட்டு, நீ யார், எதற்கு வந்தாய் என்று விசாரிக்கச் சட்டம் இருக்கிறது. எவன் விசாரிக்கிறான்? கோரிக்கை தேங்கினால் மேலதிகாரி தாண்டிக் குதிப்பார். அதனால் பொறுப்பாளி என்ற இடத்தில் எல்லாரும் அவரவர் பெயரைப் போட்டு அமுக்கிவிடுவார்கள். டவரும் அப்படித்தான்.

திரை எதையோ உளறுகிறது என்று நினைத்துக்கொண்டு, தன் பெயரைப் போட்டு அமுக்கினார்.

எதிரே இருந்த காலி நாற்காலி முனகியது, ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தால் முனகுமே, அதுபோல. கதவு ஒரு சாண் திறந்து, தானாக மூடிக்கொண்டது. காற்றுதான். காற்றில்லாமல் வேறென்ன. ஆனால் அந்த வாடையும் கூடவே போயிருந்தது.

அந்த விருந்தாளி எந்தப் பெட்டிக்கு அருகே இருக்கிறார் என்று திரையில் காட்டும் வரி மாறியது. நடைகூடத்துப் பெட்டி. கொஞ்சம் பொறுத்து, படிக்கட்டுப் பெட்டி. ஆள் நடக்கிற வேகம். அவர் எழுந்து போய் எட்டிப் பார்த்தார். வெள்ளை விளக்குகளும் ஈரத் தரையும்தான். வாசல் காவலருக்குப் போன் போட்டார்.

“யாராச்சும் உள்ள வந்தாங்களா?”

“இந்த மழையிலயா? நாயே என் நாற்காலிக்குக் கீழ ஒடுங்கிக் கிடக்கு டவர் சார். யாரும் வரல.”

“வெளிய யாராச்சும் போறாங்களா பாரு.”

“யாருமில்ல சார்.” பிறகு காவலர் குரல் தாழ்ந்தது. “இந்த நாய் ஏன் இப்படி நடுங்குது?”

வரி வாசலைத் தாண்டவில்லை. நூலகப் பக்கம் திரும்பியது. அடுத்து சாலைக் கம்பத்துப் பெட்டி. அந்தச் சாலை ஊழியர் குடியிருப்புக்குப் போகிற சாலை. மூன்று வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாலாவது அவருடையது. மனைவி தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். உள்ளே மகள் தனியாக இருந்தாள்.

குடியிருப்பு இருக்கிற பள்ளத்தில் செல்போன் சிக்னல் எட்டாது, எல்லாம் வைஃபை வழிதான். மகளைக் கூப்பிட்டார்.

“பாப்பா, கதவைச் சாத்திட்டியா?”

“சாத்தித்தான்பா இருக்கு. ஏன், பேய் வந்துடுமா?” என்று சிரித்தாள். “உங்க ஆள் யாராச்சும் வர்றாங்களா? விருந்தாளிய நம்ம வீட்டுப் பெட்டியில சேக்கவான்னு என் போன்ல கேட்டுச்சு.”

“அதைத் தொடாதே.”

“ஆமான்னு அமுக்கிட்டேனே. உங்க பேர்ல வந்தா கேள்வி கேக்காம விடுன்னு நீங்கதானே சொல்லுவீங்க.”

போனுக்குள் மழைச் சத்தம் திடீரென்று பெரிதாகி, மறுபடி சின்னதானது. ஒரு கதவு திறந்து மூடினால் கேட்பதுபோல.

“அப்பா.” சிரிப்பு போயிருந்தது. “கூடத்துல நாற்காலி நகந்துச்சு.”

“வெளிய ஓடு. இப்பவே.”

போனில் மூச்சு மட்டும். ஒரு மூச்சு இல்லை, இரண்டு.

“பேசாதீங்கப்பா,” என்றாள், காற்றைவிட மெதுவாக. “நீங்க பேசினா அது என் பக்கம் திரும்புது.”

விருந்தாளியின் அனுமதியை வெட்டினார். வரி மறைந்தது. அப்பாடா என்பதற்குள் அதே இடத்தில் திரும்ப வந்தது. மறுபடி வெட்டினார். மறுபடி வந்தது. மூன்றாம் தரம், வீட்டு வைஃபையையே மொத்தமாக நிறுத்தினார். மகளின் அழைப்பு அறுந்தது. விருந்தாளியின் வரி மட்டும் அசையவில்லை.

ஓடினார். படிக்கட்டு. நூலகம். கம்பம். செருப்பு எங்கோ கழன்றது. மழை கண்ணை அடைத்தது. மூச்சில்லை. வீடு. விளக்கு எரிகிறது. கதவு திறந்திருக்கிறது.

அந்த வாடை.

சாப்பாட்டு மேசையில் மகள் உட்கார்ந்திருந்தாள். முதுகு நிமிர்ந்து, அசையாமல். அழவில்லை. வாசற்படியில் நின்றவரைப் பார்த்து, கண்ணை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். வராதே.

எதிர் நாற்காலி காலி. அதன் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர். ஊற்றிக் கொடுத்திருக்கிறாள்.

“பாப்பா, கையைக் கொடு.”

அவள் கொடுக்கவில்லை. கொடுக்க முடியவில்லை. வலது கை மேசைமேல் நீட்டிக் கிடந்தது. மணிக்கட்டில் சதை நான்கு இடத்தில் உள்ளே அமுங்கியிருந்தது. சுற்றிலும் வெளுத்து, விரல் நுனிகள் நீலமாகி. பிடித்திருந்த கை கண்ணுக்குத் தெரியவில்லை.

அவர் ஓர் அடி எடுத்து வைத்தார்.

பள்ளங்கள் நான்கும் எலும்புவரை இறங்கின.