காற்று வாங்கிய கணினிப் பெட்டி

புதன்கிழமை மத்தியானம் அந்தச் சமையலறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலுக்கு எட்டாத தூரத்தில், அடுப்போரத்து நாற்காலியில் ஸோர்க்கா அத்தை. ஜூலை மாத வெயிலிலும் அவள் கழுத்தில் கம்பளித் துண்டு. மூலையில், கணினி மேசை முன்னால் அம்மா யஸ்னா. மேசைக்கு அடியில், அம்மாவின் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான் ஆறு வயது மாட்டியா. கவிழ்த்துப் போட்ட தக்காளிக் கூடை மேல் பதினோரு வயது நெவேனா. கதவோரமாக, இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, முக்காலியில் பக்கத்து வீட்டுக் கணினிக் கடைக்காரர் ராடே மாமா.

"கதவைச் சாத்து ராடே! ஜன்னல் திறந்திருக்கு, ப்ரோமாயா அடிக்குது!" என்று அத்தை கத்தினாள்.

ப்ரோமாயா என்றால் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் காற்று. கிகிந்தா ஊரில் யாருக்குக் கழுத்து பிடித்தாலும், காது வலித்தாலும், பல் வீங்கினாலும் பழி அதன் மேல்தான். ராடே மாமா எழுந்து கதவைச் சாத்தினார்.

அந்த நேரம் பார்த்துக் கணினித் திரை பட்டென்று இருண்டது.

"இன்னைக்கு நாலாவது தடவை," என்றாள் நெவேனா மெதுவாக.

அம்மா ஆந்தைக்குஞ்சின் இறகுகளை ஒரு மணி நேரமாக வரைந்துகொண்டிருந்தாள். சேமிப்பதற்குள் எல்லாம் போயிற்று. அது அம்மா படம் போடும் முதல் புத்தகம். நோவி சாத் நகரத்துப் பதிப்பகம் கேட்டது பதினாறு ஆந்தைப் படம், பதிமூன்று முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை தபாலில் எல்லாம் போகாவிட்டால் வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"முகம் கழுவிட்டு வரேன்," என்று எழுந்து போனாள். போகும்போது மூக்கை உறிஞ்சினாள்.

"அம்மா அழறாளா?" என்றது மேசைக்கடியிலிருந்து ஒரு குரல்.

"வேர்த்திருக்கு. நீ சும்மா இரு," என்றாள் நெவேனா.

ராடே மாமா ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பழைய பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே சூடு முகத்தில் அடித்தது. ஆறிப்போன சூப்பில் கிடக்கும் சேமியா மாதிரி ஒயர்கள் சுருண்டு, விசிறியின் வாயை அடைத்துக் கிடந்தன.

"இது மூச்சுத் திணறிப் போகுதும்மா. ஒயரை ஒதுக்கலாம்னா உள்ள இடமே இல்ல. பாகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. வேற பெட்டிக்கு மாத்திட்டாப் போதும்."

நெவேனா முன்பக்க மூடியைப் பிடித்து இழுத்தாள். கையோடு ஏதோ மெத்தென்று வந்தது. நான்காக மடித்த துணி. நீலப்பூ போட்ட ஃபிளானல்.

அவளுக்கு அந்தப் பூவை நன்றாகத் தெரியும். அத்தையின் பழைய இரவு உடையிலிருந்து கிழித்த துண்டு அது.

நிமிர்ந்து பார்த்தாள். அத்தையின் முகம் வறுத்த மிளகாய் போலச் சிவந்திருந்தது. "பாவம், ராப்பகலா உழைக்குது... காத்து பட்டா அதுக்கும் ஆகாதேன்னு..." என்று முணுமுணுத்தாள்.

குளியலறையில் தண்ணீர் நின்றது. அம்மாவின் காலடி கேட்டது.

நெவேனா துணியைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தாள். ராடே மாமா திருப்புளியைத் தேடுகிறவர் போலக் கீழே குனிந்துகொண்டார்.

துணியை மறைத்தாயிற்று. ஆனால் புதுப் பெட்டி வந்தால் அதற்கும் அத்தை ஒரு போர்வை போடுவாளே? நெவேனா யோசித்தாள்.

ராடே மாமா இரண்டு அட்டைப்பெட்டிகளையும் பிரித்தார். "நம்ம கடையிலேர்ந்து ரெண்டு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணை வச்சுக்கிட்டு ஒண்ணைத் திருப்பிக் கொடுங்க."

முதலாவதன் முன்பக்கம் முழுக்க வழவழ கண்ணாடி. உள்ளே மூன்று வளையங்களில் சிவப்பும் பச்சையும் நீலமும் சுற்றிச் சுற்றி எரியுமாம். இரண்டாவது வெறும் கறுப்பு. அதன் முகம் மாவு சலிக்கும் சல்லடை மாதிரி இருந்தது.

மாட்டியா மேசைக்கடியிலிருந்து அம்பு போல வந்தான். "கண்ணாடி! கண்ணாடி! கண்ணாடிதான்!"

"நானும் அதைத்தான் சொல்லுவேன். மூடி இருக்கு, தூசி வராது. அது என்ன, முகமெல்லாம் ஓட்டை!" என்றாள் அத்தை.

"எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க," என்றார் ராடே மாமா. ஆனால் தலையைச் சொறிந்துகொண்டார்.

அம்மா களைத்துப் போயிருந்தாள். "நெவேனா, நீயே சொல்லேன். எனக்கு எது நிக்காம ஓடுமோ அது போதும்."

"மாட்டியா, இங்க வா. பக்கக் கதவைக் கழட்டியாச்சு. தலையை உள்ள விடு. மூக்கை முன்பக்கம் பாத்து வை," என்றாள் நெவேனா.

அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் தலையை விட்டான். நெவேனா வெளியிலிருந்து கன்னம் புடைக்க ஊதினாள்.

"காத்து வருதா?"

"இல்லையே! நீ மீன் மாதிரி இருக்கே! கண்ணாடியெல்லாம் எச்சில்!"

அடுத்தது சல்லடைப் பெட்டி. நெவேனா ஊதினாள். மாட்டியா வெடுக்கென்று தலையை இழுத்துக்கொண்டு மூக்கைப் பொத்தினான்.

"ஐயே! வெங்காயம்! மத்தியானம் பச்சை வெங்காயம் தின்னியா?"

ராடே மாமா சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

"அப்ப எதுடா வேணும்?" என்று நெவேனா கேட்டாள்.

மாட்டியா கண்ணாடியை ஏக்கத்தோடு பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். "வெங்காயப் பெட்டி," என்று பெருமூச்சு விட்டான்.

நெவேனா அத்தையின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, நமக்குத்தான் ப்ரோமாயா ஆகாது. அதுக்கு அதுதான் மூச்சு. முன்னால இழுக்கும், பின்னால விடும்."

அத்தை திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னால விடுமா? அங்கதானே யஸ்னா உக்காந்திருக்கா! சூடும் காத்துமா அவ கழுத்துல அடிச்சா என்ன ஆகும்?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். உண்மைதான். பெட்டியின் முதுகு அம்மாவின் கழுத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

"இது எனக்குத் தோணவே இல்ல. அந்தப் பக்கம் திருப்பி, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சிடலாம்," என்றார் ராடே மாமா.

"ரெண்டு சாண்," என்றாள் அத்தை.

பாகங்களை மாற்றும் வேலை ஆரம்பித்தது. சல்லடைப் பெட்டியின் பின்தகட்டுக்கும் பக்கக் கதவுக்கும் நடுவே ஒயர்களை ஒளித்து வைக்க நல்ல இடம் இருந்தது. ஆனால் ராடே மாமாவின் விரல்கள் தடிமன். ஒரு ஒயரைச் செருகினால் இரண்டு வெளியே வந்தன.

"அத்தை, இந்தச் சிக்கை உங்களாலதான் எடுக்க முடியும்," என்றாள் நெவேனா.

"நானா? எனக்கு கம்ப்யூட்டரைப் பத்தி என்ன தெரியும்?"

"நூல்சிக்கு எடுக்கத் தெரியுமே."

அத்தை மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னல் கூடையோடு வந்தாள். "தள்ளு ராடே. இதென்ன, ஆட்டு மந்தை மாதிரி!" ஒயர்களைத் தடிமன் பார்த்துப் பிரித்தாள், ஒன்றோடொன்று சேர்த்து ஓரமாக ஓட விட்டாள், அரைச்சாண் இடைவெளிக்கு ஒரு முறை பருத்தி நாடாவால் கட்டினாள். விசிறிகளுக்கு முன்னால் ஒரு நூல்கூடத் தொங்கவில்லை.

"முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். இப்படி ஒரு கட்டு கட்டினதில்ல," என்றார் ராடே மாமா.

"உனக்குப் பொறுமை கிடையாது," என்றாள் அத்தை. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் கணினி நிற்கவில்லை. வியாழக்கிழமை முழுவதும் நிற்கவில்லை. அறைக்குள் நுழையும்போதெல்லாம் அத்தை சல்லடைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டி, "மூச்சு விடுது," என்று அறிவித்தாள். மாட்டியா ஒரு சிவப்புக் காகித வட்டத்தைப் பெட்டியின் மூலையில், ஓட்டை இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டினான். "இதுதான் விளக்கு," என்றான்.

வெள்ளிக்கிழமை காலை பதினாறு ஆந்தைகளும் தயார். அம்மா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படங்கள் இருந்த பென் டிரைவை உறைக்குள் போடப் போனாள்.

"இருங்கம்மா. அடிபடாம போகணும்," என்று நெவேனா சட்டைப்பையிலிருந்து நீலப்பூத் துணியை எடுத்து, பென் டிரைவைச் சுற்றி மடித்தாள்.

அம்மா துணியையும் அதில் வட்டமாகப் படிந்திருந்த விசிறித் தூசியையும் பார்த்தாள். அத்தையைப் பார்த்தாள். அத்தை மும்முரமாகத் தேநீர்க் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, நீங்களே ஒட்டிடுங்க. நீங்க மூடினா ஒரு பொட்டு காத்துகூட நுழையாது," என்றாள் அம்மா.

அத்தை ஒரு நொடி திகைத்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தபடி உறையின் ஓரத்தை நக்கி, கட்டைவிரலால் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அழுத்தி ஒட்டினாள்.

நெவேனா தபால் நிலையத்துக்கு ஓடினாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் உறையை அமுக்கிப் பார்த்தார்.

"உள்ள என்ன பாப்பா, மெத்துமெத்துன்னு?"

"பதினாறு ஆந்தை. போர்த்திக்கிட்டுப் போகுதுங்க," என்றாள் நெவேனா.

டொம்மென்று முத்திரை விழுந்தது. உறை தபால் பைக்குள் போயிற்று.