காந்தாரம் இல்லாத இடம்

பாட்டு காலையில் ஓடியதைவிட இப்போது மெதுவாக ஓடியது. கொஞ்சம்தான். வேறு யாராக இருந்தாலும் காதில் விழுந்திருக்காது. ஆனால் அவள் காது வேறு. மிக்சி ஓடினால்கூட அது எந்தச் சுருதியில் ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள் என்பது அவள் கணவன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அடிக்கும் கேலி. நடை தொய்ந்திருந்தது. சுருதியும் ஒரு மயிரிழை இறங்கியிருந்தது.

பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கொடுப்பது அவள் தொழில். அதற்காகவே வீட்டின் முன்னறையை ஒழித்து, சுவர் முழுக்கப் பஞ்சு வைத்து அடைத்து, வாசல் மணி அடித்தால்கூட உள்ளே கேட்காதபடி செய்திருந்தாள். இந்த நாடாவைக் கொண்டுவந்தவர், எப்போதோ கலைந்துபோன ஒரு சேர்ந்திசைக் குழுவின் பாட்டு வாத்தியார். ஆணும் பெண்ணுமாக நான்கு குரல் வரிசை, பக்கவாத்தியம் கிடையாது, இழுத்து இழுத்துப் பாடும் சாஸ்திரிய உருப்படி. இரைச்சலை எடுத்தால் போதும், எதையும் சேர்க்க வேண்டாம் என்று உள்ளே வரும்போது சொன்னவர், செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொரு தடவையும் சொல்லிவிட்டுப் போனார். பெட்டியைத் திறந்ததும் மக்கிப்போன நாடாவின் புளிப்பு வாடை அடித்தது. மத்தியானம் தாண்டியும், ஜன்னலைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தும், மழைக்காற்று வந்தும் அது போகவில்லை.

இயந்திரத்தின் பெல்ட் தளர்ந்திருக்கும் என்று மாற்றிப் பார்த்தாள். பலனில்லை. காலையிலேயே கணினியில் ஏற்றி வைத்த பிரதியை ஓட்டினாள். அதுவும் மெதுவாகத்தான் ஓடியது. கணினியில் ஏறிய பாட்டுக்கு ஏது பெல்ட்? தூக்கம் போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசிப் பகுதியில்தான் நடை மிகவும் தொய்ந்தது. அங்கே ஓர் ஓட்டை இருந்தது. கீழே ஆண்கள் சட்ஜத்தைப் பிடித்து நிற்கிறார்கள். அதற்கு மேல் பஞ்சமம் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே காந்தாரம் பாட வேண்டிய குரலைக் காணோம். அந்தக் காந்தாரம் சின்னதாக, அரைப்படி இறங்கி, விழுந்தால் பாட்டு அழும், பெரியதாக விழுந்தால் சிரிக்கும். இங்கே அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆளில்லாத வீட்டுக்குள் காற்று புகுந்த மாதிரி ஒரு சத்தம், யாருக்காகவோ காத்திருப்பதுபோல நீண்டுகொண்டே போனது. நடுவில் யாரும் மூச்சு எடுக்கவில்லை.

நாடாவில் இப்படி ஓட்டை விழுந்தால் அதே சுரத்தைப் பாட்டின் வேறு இடத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டுவது வழக்கம். தேடினாள். எங்கேயும் ஒட்டும்படி கிடைக்கவில்லை. அந்த நேரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள், ஈரப் பையைக்கூடக் கழற்றாமல் கதவில் சாய்ந்தபடி பிஸ்கெட்டைக் கடித்துக்கொண்டு எதையோ முனகினாள். அவளைக் குருவி என்றுதான் வீட்டில் கூப்பிடுவார்கள். முனகியது பெரிய காந்தாரம். இறங்கிப்போயிருந்த அந்தச் சுருதிக்குக் கனகச்சிதம். பாட்டு அவ்வளவு நேரமும் இந்தக் குழந்தையின் குரலுக்காகவே இறங்கி வந்ததுபோல் இருந்தது. அம்மாவுக்கு அப்போது அது அதிர்ஷ்டமாகத்தான் பட்டது.

"அதையே இன்னொரு தடவை இழு குருவி, இந்த மைக்குக்கு முன்னாடி."

"எதுக்கும்மா?"

"பாட்டுல ஒரு ஓட்டை. அடைக்கணும்."

குழந்தை கிளுக்கென்று சிரித்து, ஒரே ஒரு சுரத்தை நீளமாக இழுத்துக் கொடுத்துவிட்டு விளையாட ஓடினாள். எதையும் சேர்க்க வேண்டாம் என்று வாத்தியார் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. பெரிய ஆள்தான், கண்டுபிடித்துவிடப் போகிறாராக்கும் என்ற தொழில் கர்வம் அதை அமுக்கிவிட்டது. ஒட்டினாள். ஓட்டினாள்.

ஓட்டை மூடிக்கொண்டது. நாளெல்லாம் உயிரில்லாமல் நின்ற அந்தக் கூட்டுக்குரல் பளிச்சென்று சிரித்தது. அவளுக்குப் புல்லரித்தது. பாட்டு முடிய வேண்டிய இடம் வந்தது. முடியவில்லை. நாற்பது ஐம்பது பேர் சேர்ந்தாற்போல் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நடை வேகமெடுத்தது. சுருதி ஏறியது. ஒரே ஒரு சுரம் பாடிக் கொடுத்த குருவியின் குரல், எல்லோருக்கும் மேலே ஏறி, அடுத்த வரியைப் பாடியது. அதற்கடுத்த வரியையும். குழந்தைக்குத் தெரியாத வார்த்தைகளில்.

"குருவி!"

கதவைத் திறந்து அவள் கத்தியதும் குழந்தை ஓடி வந்தாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

அம்மா விளையாட்டு என்றுதான் நினைத்தாள். குழந்தை தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது. கண்ணீர் கொட்டியது. வாயெல்லாம் அழுகை. ஆனால் ஒரு முனகல்கூட இல்லை. ஒலிபெருக்கியில் அதே குழந்தையின் குரல் குதூகலமாகப் பாடிக்கொண்டிருந்தது.

ஒட்டியதை வெட்டப் பார்த்தாள். ஒட்டிய தடமே இல்லை. பிரதியை அழித்தாள். பாடியது. நாடாவை உருவி எறிந்தாள். பாடியது. சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்குகள் அணைந்தன.

பாடியது.

அவள் குழந்தையை இழுத்து மடியில் அணைத்துக்கொண்டு, அணைந்துபோன ஒலிபெருக்கியைப் பார்த்துக் கெஞ்சினாள். "தெரியாம பண்ணிட்டேன். அவளை விட்டுடுங்க. எம்பொண்ணு குரலைத் திருப்பிக் குடுத்துடுங்க."

பாட்டு நின்றது. பஞ்சடைத்த அறையில் அவளுடைய ரத்தம் ஓடும் சத்தமே அவளுக்குக் கேட்டது. மடியில் இருந்த குழந்தை மூச்சு இழுத்தாள். இழுத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சின்ன நெஞ்சு கொள்ளாத மூச்சு. அப்புறம் வாயைத் திறந்தாள்.

"அம்மா" என்றார்கள். ஆண்களும் பெண்களுமாக, எல்லோரும் சேர்ந்து, சுருதி பிசகாமல், மிக மெதுவாக.

குழந்தை மிரண்டுபோய் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியே அவர்கள் இழுத்துக்கொண்டே இருந்தார்கள்.